ஓர் எழுத்துப் பிழையும் இரண்டு செர்பியாக்களும்

2025 ஜனவரியில், செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரமான நோவி சாதில், யோவான் யோவானோவிச் ஸ்மாய் பெயரில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் யாரோ பெயின்ட்டால் ஒரு வாசகம் எழுதிவிட்டுப் போனார்கள். போராட்டத்தில் இறங்கிய மாணவர்களைப் பார்த்து, 'மாணவர்களே, பள்ளிக்குப் போங்கள்' என்று சொல்வதுதான் நோக்கம். செர்பிய மொழியில் மாணவர்களுக்கு 'ஜாத்சி' என்று பெயர். எழுதியவர் முதல் எழுத்தைத் தவறவிட்டார். சுவரில் விழுந்தது 'ச்சாத்சி'. சிரிலிக் எழுத்தில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது. 'ஜ' ஒலிக்குரிய எழுத்தின் கால் கீழே இறங்கி வளையும், 'ச்ச' ஒலிக்குரிய எழுத்தின் கால் நேராக நின்றுவிடும். வூக் கராஜிச் 1818இல் அகராதி வெளியிட்ட காலத்திலிருந்து, பேசுவது போலவே எழுது, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற நெறியைப் பெருமையாகக் காத்துவரும் மொழி அது. அங்கே இந்தப் பிழை கண்ணில் குத்தும். சில நாட்களுக்குள் 'ச்சாத்சி' நாடு முழுதும் பரவியது. அகராதியில் இல்லாத, வேர்ச்சொல் இல்லாத அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் நிலைத்தது: அரசாங்கத்தின் ஆள்.

ஒரு கை தவறியதிலிருந்து பிறந்த சொல் ஒரு நாட்டின் பாதிப் பேருக்குப் பெயராக முடிந்தது எப்படி? சமூகம் ஏற்கெனவே பிளந்து கிடந்தது, சொல் அந்தப் பிளவைக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்பது எளிதாகக் கிடைக்கும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் செர்பியாவின் கடந்த நாற்பது ஆண்டு அரசியல் பேச்சில் பிறந்த புதுச்சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை எல்லாம் ஒரே வார்ப்பில் வந்திருப்பது தெரிகிறது. ஒருவர் செய்த ஒரு செயலையோ, சொன்ன ஒரு கருத்தையோ, உட்கார்ந்த ஓர் இடத்தையோ எடுத்து, ஒரு பின்னொட்டைச் சேர்த்து, அதை அவருடைய பிறவிக் குணம் போல ஆக்கிவிடுவதுதான் அந்த வார்ப்பு. செயலோடு வாதாடலாம்; அது சரியா தவறா என்று கேட்கலாம்; செய்தவர் நாளைக்கு அதை விட்டுவிடலாம். ஆள்வகையோடு வாதாட முடியாது. செர்பியப் பொதுப்பேச்சைப் பிளப்பதில் புதுச்சொற்களுக்கு உள்ள பங்கு இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

செர்பிய மொழி இதற்கு மிக வசதியானது. தமிழில் 'காரர்', 'வாதி' ஒட்டுவது போல அங்கே 'அத்ஸ்', 'ஆஷ்', 'ஆர்', 'இஸ்தா' என்று ஒரு பின்னொட்டுப் படையே உண்டு. எந்தப் பெயர்ச்சொல்லிலிருந்தும் ஒரு மனிதனை உருவாக்கிவிடலாம். 1988இல், அன்றைய செர்பியக் கம்யூனிஸ்ட் தலைவர் ஸ்லோபோதான் மிலோஷெவிச்சின் ஆதரவாளர்கள் நடத்திய, 'அதிகாரவர்க்க எதிர்ப்புப் புரட்சி' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட பேரணிகளில் இதைத் தெளிவாகக் காணலாம். கைநாற்காலிக்கு செர்பியத்தில் 'ஃபோதெல்யா'. பதவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் 'ஃபோதெல்யாஷி' ஆனார்கள். வொய்வொதினா மாகாணத்தின் தன்னாட்சியை ஆதரித்தவர்கள் 'அவ்தொனொமாஷி' ஆனார்கள். தன்னாட்சி என்பது அப்போது நடைமுறையில் இருந்த 1974 அரசியல் சட்டம் தந்த உரிமை. அதை ஆதரிப்பது சட்டத்தை ஆதரிப்பது. ஆனால் 'ஆஷ்' சேர்ந்த கணத்தில் அது ஒரு நோய் போல ஒலித்தது. அந்த அக்டோபரில் நோவி சாதில் கூட்டம் மாகாணத் தலைமையகத்தின் மீது தயிர்ப் பொட்டலங்களை வீசியது. தலைமை பதவி விலகியது. 'தயிர்ப் புரட்சி' என்ற பெயர் நின்றது. தன்னாட்சி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அந்த நாட்களில் விவாதிக்கப்படவே இல்லை. யார் 'அவ்தொனொமாஷ்' என்பதுதான் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே தன்னாட்சியின் பெரும்பகுதி பறிபோனது.

யூகோஸ்லாவியா உடைந்து போர் தொடங்கியபின் இந்த வார்ப்பு இன்னும் நுட்பமானது. 1992இல் பெல்கிரேட் வட்டம் என்ற அறிவாளர் அமைப்பு, போரை எதிர்த்துத் தொடர் கூட்டங்கள் நடத்தியது. அங்கே பேசப்பட்டவை 'இன்னொரு செர்பியா' என்ற தலைப்பில் நூலாயின. குண்டு போடும் செர்பியா மட்டுமே செர்பியா அல்ல என்று உலகுக்கும் தங்களுக்கும் சொல்லும் தலைப்பு அது. அதிலிருந்து 'த்ருகொஸ்ர்பியானத்ஸ்' என்ற வசவு முளைத்தது: 'இன்னொரு செர்பியாக்காரர்'. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இனத்தால் செர்பியரானவருக்கு 'ஸ்ர்பின்' என்று பெயர். செர்பியா என்ற நிலத்தில் வாழ்பவருக்கு 'ஸ்ர்பியானத்ஸ்'. வசவுச் சொல்லில் இரண்டாவதுதான் இருக்கிறது. இலக்கணப்படி அது இயல்பான ஆக்கமே. ஆனாலும் இவர் இந்த மண்ணில் குடியிருப்பவர், நம் ரத்தம் அல்ல என்ற குறிப்பு காதில் விழாமல் போகாது. பிறகு வந்தது 'அவ்தோஷொவினிஸ்தா', தன் இனத்தையே வெறுக்கும் வெறியர். சமூகவியலாளர் ஸ்லோபோதான் அந்தோனிச், பத்திரிகையாளர் ஸோரான் ச்சிர்யாகோவிச் போன்றோரின் எழுத்துகளில் இது ஒரு கோட்பாடாகவே வளர்ந்தது. அவர்கள் சுட்டிய போக்கு முழுக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். தன் நாட்டு எளிய மக்களை அருவருப்போடு பார்க்கும் நகரத்து மேட்டிமை பெல்கிரேடில் உண்மையாகவே உண்டு. ஆனால் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலையைப் பற்றிப் பேசுபவரும் அந்த மேட்டிமைக்காரரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டபோது, முதலாமவர் சொல்லும் உண்மையை மறுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவருக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிட்டால் போதும்.

மறுபக்கமும் கைகட்டி இருக்கவில்லை. பெல்கிரேடின் மையப்பகுதியைச் சுற்றி வரும் 2ஆம் எண் டிராமின் தடத்துக்கு 'இரண்டின் வட்டம்' என்று பெயர். அந்த வட்டத்துக்குள் வாழ்பவர்கள் என்பது மேட்டுக்குடியைக் குறிக்கும் வசவு. வட்டத்துக்குள்ளிருந்து வெளியே வீசப்பட்ட சொற்கள் அதைவிடக் கொடியவை: 'க்ரெசுபி', பல் போனவர்கள், 'செந்த்விச்சாரி', சாண்ட்விச்காரர்கள். 2012இல் செர்பிய முற்போக்குக் கட்சி ஆட்சிக்கு வந்தபின், சிற்றூர்களிலிருந்து பேருந்துகளில் ஆட்களை ஏற்றிப் பேரணிக்குக் கொண்டுவந்து சாண்ட்விச் கொடுப்பது வழக்கமானது. அது அரசியல் ஊழல், கண்டிக்க வேண்டியது. ஆனால் அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். பேருந்தை அமர்த்திய கட்சிக்காரரைக் குறிக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் ஏறி உட்கார்ந்த நகராட்சி ஊழியரையும், பல் கட்ட வசதியில்லாத கிழவரையும் குறிக்கிறது. ஏழ்மையின் அடையாளங்கள் இழிபெயராகின்றன. இதே வரிசையில் வருவது 'போத்'. கணினி நிரலுக்கு உரிய இந்தச் சொல், கட்சிக்காக இணையத்தில் கருத்து எழுதும் மனிதர்களுக்கு செர்பியாவில் பெயராயிற்று. 'போதொவாதி' என்று வினைச்சொல்லும் உருவானது. 2020 ஏப்ரலில் ட்விட்டர் நிறுவனம் ஆளுங்கட்சிக்காக ஒருங்கிணைந்து இயங்கிய சுமார் 8,500 கணக்குகளை நீக்கியது. ஆகவே அந்தச் செயல் உண்மை. இருந்தும், அரசியல் எதிரியை எந்திரமாகவே கருதப் பழகிய ஒரு சமூகம், உண்மையாகவே அரசை நம்பும் ஒருவர் எழுதும் கருத்தையும் எந்திரத்தின் சத்தமாகவே கேட்கும்.

இத்தனையும் விதைக்கப்பட்டிருந்த நிலத்தில்தான் 2024 நவம்பர் 1 வந்தது. நோவி சாத் ரயில் நிலையம் 1964இல் கட்டப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2024 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் இருந்த கான்கிரீட் கூரை காலை 11.52 மணிக்கு இடிந்து விழுந்தது. அன்றே 14 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்களும் பின்னர் இறக்க, எண்ணிக்கை 16 ஆனது. மக்கள் கேட்டது மிக எளிய கேள்வி: யார் கையெழுத்திட்டார்கள், யார் மேற்பார்த்தார்கள், பணம் எங்கே போனது? 11.52க்குத் தெருவில் நின்று, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். நவம்பர் 22இல் பெல்கிரேடில் நாடகக் கலைப் புலத்தின் மாணவர்கள் அப்படி நின்றபோது தாக்கப்பட்டார்கள். அதன்பின் பல்கலைக்கழகப் புலங்கள் ஒவ்வொன்றாக மறியலில் இறங்கின. மறியலுக்கு 'பிளோகாதா'. ஜனாதிபதி அலெக்சாந்தர் வூச்சிச்சும் அரசு ஆதரவு ஊடகங்களும் அதிலிருந்து 'பிளோகாதெரி' என்ற சொல்லை எடுத்தார்கள்: மறியல்காரர்கள். மாணவர் பொதுக்கூட்டம் 'பிளேனும்'; அதில் உட்காருபவர் 'பிளேனுமாஷ்'.

'பிளோகாதெரி' என்ற சொல் செய்த வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. மாணவர்களின் கோரிக்கைகள் நான்கு: நிலையச் சீரமைப்பின் ஆவணங்களை வெளியிடுவது, கைதான போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவது, தங்களைத் தாக்கியவர்களைத் தண்டிப்பது, உயர்கல்வி நிதியை 20 சதவீதம் உயர்த்துவது. நான்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லத்தக்கவை. 'மாணவர்' என்று அழைத்தால் அந்தக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்தச் சமூகமும் தன் மாணவர்களைப் பிள்ளைகளாகவே பார்க்கும். 'பிளோகாதெர்' என்று அழைத்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறது. அவர் எதற்காக மறிக்கிறார் என்பது சொல்லில் இல்லை. மறிப்பதே அவர் இயல்பு. மறியல் மாலையில் முடியும்; பிளோகாதெர் வீட்டுக்குப் போனாலும் பிளோகாதெர்தான். 2025 ஜனவரி 28 அதிகாலையில் நோவி சாதில், ஆளுங்கட்சி அலுவலகத்திலிருந்து பேஸ்பால் மட்டைகளோடு வந்தவர்கள் தாக்கியதில் ஒரு மாணவியின் தாடை உடைந்தது. அன்றே பிரதமர் மிலோஷ் வுச்செவிச் பதவி விலகினார். ஜூலையில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தத் தாக்குதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். ஒரு மாணவியின் தாடையை உடைத்தவர்களை மன்னித்துவிட்டு ஒரு தலைவர் மக்கள் முன் நிற்பது கடினம். மாதக்கணக்கில் 'பிளோகாதெர்' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய ஆதரவாளர்கள் முன் நிற்பது அவ்வளவு கடினம் அல்ல.

'ச்சாத்சி' அரசின் இத்தகைய சொற்களுக்கு எதிர்வினையாகப் பரவியது. அதன் கூர்மை எனக்குப் புரிகிறது. பள்ளிக்குப் போ என்று பிறருக்குச் சொல்பவருக்கே பள்ளிப்பாடம் தெரியவில்லை என்பதில் ஓர் அரசாங்கத்தின் முழு நிலையும் வெளிப்பட்டதாக மக்கள் கண்டார்கள். போலிப் பட்டங்கள், கருத்துத் திருட்டு ஆய்வேடுகள் பற்றிய குற்றச்சாட்டுகள் ஆண்டுக்கணக்கில் புகைந்த நாடு அது. 2025 மார்ச் மாதம் பெல்கிரேடில் ஜனாதிபதி மாளிகை அருகே உள்ள பியோனிர்ஸ்கி பூங்காவில், 'படிக்க விரும்பும் மாணவர்கள்' என்ற பெயரில் அரசு ஆதரவுக் கூடாரங்கள் முளைத்தன. சுற்றிலும் டிராக்டர்கள் நிறுத்தப்பட்டன. மக்கள் அதற்கு 'ச்சாத்சிலாந்த்' என்று பெயரிட்டார்கள். அதற்குப் பிறகு சொல் விரியத் தொடங்கியது. முதலில் சுவரில் எழுதிய கை, பிறகு கூடாரத்தில் இருந்தவர்கள், பிறகு கட்சி உறுப்பினர்கள், பிறகு கட்சிக்கு வாக்களிப்பவர்கள், கடைசியில் தெருவுக்கு வராத அண்டை வீட்டுக்காரர் வரை. இந்தச் சொல்லின் இலக்கணத்திலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. 'ஜாத்சி' பன்மை, அதன் ஒருமை 'ஜாக்'. அந்த முறைப்படி 'ச்சாத்சி'க்கு ஒருமை வேறாக இருக்க வேண்டும். ஆனால் மக்கள் ஒரே ஓர் ஆளைக் காட்டியும் 'அவர் ச்சாத்சி' என்றே சொல்கிறார்கள். ஒருமை இல்லாத சொல். அதற்குள் போகிற எவரும் தனி ஆளாக வெளியே வர முடிவதில்லை; கூட்டமாகவே உள்ளே போய்க் கூட்டமாகவே நிற்கிறார்.

என் வாதத்துக்கு வரும் மறுப்புகள் வலுவானவை. அவற்றைத் தாண்டிப் போக முடியாது. செர்பியாவைப் பிளப்பவை சொற்கள் அல்ல. ஊழல், சிறைபிடிக்கப்பட்ட ஊடகங்கள், கட்சி அட்டை இருந்தால் வேலை என்ற நிலைமை ஆகியவையே என்பது முதல் மறுப்பு. உண்மைதான். கூரையை வீழ்த்தியது எந்தச் சொல்லும் அல்ல. ஆனால் ஒரு காரணம் விவாதமாக மாறுமா, பகையாக மாறுமா என்பதைத் தீர்மானிப்பதில் சொல்லுக்குப் பங்கு உண்டு. 2025 மார்ச் 15 அன்று பெல்கிரேடில் நடந்த போராட்டப் பேரணிக்கு வந்தவர்கள் 1,07,000 என்றது அரசு. சுயேச்சையாகக் கணக்கெடுக்கும் பொதுக்கூட்டங்களின் ஆவணக் காப்பகம் 2,75,000 முதல் 3,25,000 வரை என்றது. படம் எடுத்து, பரப்பை அளந்து சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணிக்கை அது. ஆனால் எந்த எண்ணை ஏற்கிறாய் என்பதே நீ பிளோகாதெரா, ச்சாத்சியா என்பதற்கான சான்றாகிவிட்டது. ஆளுக்குப் பெயர் முதலில், உண்மை பிறகு என்ற வரிசை வந்துவிட்டால் எந்த ஊழல் விசாரணையும் யாரையும் நம்பவைக்காது. இந்த நிலை யாருக்கு லாபம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு என்னை அதிகம் உறுத்துவது. அதிகாரத்தில் இருப்பவர் சூட்டும் பெயரும், தெருவில் நிற்பவர் திருப்பிச் சூட்டும் பெயரும் ஒன்றா? ஒன்றல்ல. 2022இல் நாடு தழுவிய ஒளிபரப்பு அலைவரிசைகள் நான்கும் மீண்டும் அதே நான்கு அரசு ஆதரவு நிறுவனங்களுக்கே போயின: பிங்க், ஹேப்பி, ப்ர்வா, பி92. 'பிளோகாதெர்' அந்த வழியாக, ஜனாதிபதியின் வாய்மொழியாக, ஒவ்வொரு சமையலறைக்கும் போகிறது. அதைச் சொல்பவர், 1998 முதல் 2000 வரை மிலோஷெவிச் காலத்தில் தகவல் துறை அமைச்சராக இருந்து, பத்திரிகைகளைக் கடும் அபராதத்தால் நசுக்கிய சட்டத்துக்குப் பொறுப்பு வகித்தவர். சொல்லின் ஆற்றல் என்னவென்று அவருக்குத் தெரியாதது அல்ல. 'ச்சாத்சி'க்கு அலைவரிசையும் இல்லை, காவல்துறையும் இல்லை. எளியவரின் ஆயுதம் நகைப்பு. அதைப் பறிக்கச் சொல்லும் உரிமை வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் கிடையாது. ஆயினும் எய்தவர் நியாயமானவர் என்பதால் அம்பு சரியான இடத்தில்தான் தைக்கும் என்று ஆகாது. 'ச்சாத்சி' வூச்சிச்சை எட்டுவதில்லை. எட்டுவது யூகித்துவிடக்கூடிய ஒருவரை: வேலை பறிபோகும் என்று பேருந்தில் ஏறிய அதே ஊழியரை. தேர்தலில் ஆட்சி மாற வேண்டுமானால் முதலில் மனம் மாற வேண்டியவர் அவர்தான்.

பழைய சொற்கள்தானே கொன்றவை என்றும் கேட்கலாம். 'துரோகி', 'கூலிப்படை', இரண்டாம் உலகப்போரின் குரோவாசிய பாசிஸ்டுகளைக் குறிக்கும் 'உஸ்தாஷா' ஆகிய சொற்கள் தொண்ணூறுகளில் எத்தனை பிணங்களுக்கு வழிவிட்டன என்பதை அறிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. மொழியியலாளர் ராங்கோ புகார்ஸ்கியும் இனவரைவியலாளர் இவான் ச்சோலோவிச்சும் போர்க்கால மொழியைப் பற்றி எழுதியவை இன்றும் அதற்குச் சாட்சி. ரத்தம் சிந்தவைப்பதில் பழைய சொற்களே வலியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதுச்சொல்லின் வேலை வேறு. 'துரோகி' என்பதற்கு ஒரு பொருள் உண்டு. எதைக் காட்டிக்கொடுத்தேன் என்று திருப்பிக் கேட்கலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம். 'நான் ச்சாத்சி இல்லை' என்று எப்படி மெய்ப்பிப்பது? மறுக்க முடியாத குற்றச்சாட்டு அது, ஏனென்றால் அதில் குற்றச்சாட்டே இல்லை. அண்ணன் தம்பிக்குள், ஆசிரியர் அறைக்குள், பலகணிக்குப் பலகணி தயக்கமில்லாமல் புழங்குவதற்கு இப்படிப்பட்ட சொல்லே ஏற்றது. துரோகி என்று தம்பியைக் கூப்பிட நாக்கு கூசும்.

புதுச்சொல் எல்லாமே நஞ்சு என்றும் கொள்ள வேண்டாம். புகார்ஸ்கியே இரண்டு சொற்களை உருக்கிச் செய்த கலப்புச் சொற்களைத் திரட்டி, 2013இல் 'சர்மகெதோன்' என்று தொடங்கும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அடைத்த கோசு உணவான 'சர்மா'வையும் உலகமுடிவுப் போரான 'அர்மகெதோ'னையும் இணைத்த சொல் அது. மிலோஷெவிச்சின் முதற்பெயரையும் மூளை அறுவையையும் இணைத்த 'ஸ்லோபொதொமியா' தொண்ணூறுகளின் ஆட்சியை ஒரே சொல்லில் காட்டியது. ஆனால் அது நிலைமைக்குப் பெயர் வைத்தது, அண்டை வீட்டாருக்கு அல்ல. 2018 டிசம்பரில் தொடங்கிய போராட்டத்தின்போது, ஐம்பது லட்சம் பேர் வந்தாலும் கோரிக்கையை ஏற்க மாட்டேன் என்று வூச்சிச் சொன்னார். உடனே மக்கள் 'ஐம்பது லட்சத்தில் ஒருவன்' என்று சட்டையில் குத்திக்கொண்டார்கள். அந்தப் பெயரை எவரும் எடுத்து அணியலாம்; நேற்றுவரை அரசுக்கு வாக்களித்தவரும் அணியலாம். அது ஆளை அடைக்கும் பெயர் அல்ல, அழைக்கும் பெயர்.

2025இல் மாணவர்கள் பெரிய வெற்றி கண்ட இடங்கள் பெரும்பாலும் பெயர் சூட்டாத இடங்களே என்று எனக்குத் தோன்றுகிறது. பிப்ரவரியில் கிராகுயேவத்ஸுக்கும் மார்ச்சில் நிஷுக்கும் அவர்கள் நடந்தே போனார்கள். வழியில் இருந்த சிற்றூர்களில், ஆளுங்கட்சியின் கோட்டை என்று கருதப்பட்ட ஊர்களில், கிழவிகள் ரொட்டியும் தேநீரும் கொண்டு வந்து நின்றார்கள். ஏப்ரல் 12இல், பொஸ்னியாக் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நோவி பசாரில் நாடெங்கிலுமிருந்து வந்த மாணவர்கள் கூடினார்கள். தொண்ணூறுகளில் 'துருக்கியர்' என்று ஏசப்பட்டவர்களின் ஊர் அது. இந்தப் பயணங்களில் நடந்து போனவரை பிளோகாதெர் என்று தொலைக்காட்சி சொன்னது. வாசலில் வந்து நின்றவரை ச்சாத்சி என்று சொல்ல நடந்து வந்தவருக்கு வாய் வரவில்லை. ஆகஸ்டில் வ்ர்பாஸ், பாச்கா பலாங்கா, நோவி சாத் தெருக்களில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டபோது அந்தச் சொற்களே திரும்பி வந்தன.

செர்பியாவில் அரசாங்கம் தன் சொற்களை விடாது. அது அதன் பிழைப்பு. விட முடிந்தவர்கள் மாணவர்களும் அவர்களோடு நிற்பவர்களும்தான், விடுவதில் அவர்களுக்கு இழப்பும் இல்லை. நிலையச் சீரமைப்பின் ஆவணங்கள் அனைத்தையும் வெளியிடுக என்று அவர்கள் எழுதிக் கொடுத்த முதல் கோரிக்கையில் பட்டப்பெயர் ஒன்றுகூட இல்லை.